அடுப்படியில் ஓடும் ஒத்திகை: கானாடுகாத்தான் வீட்டில் ஒரு காணொளிக் கலைக்காட்சி

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றில் நடந்துவரும் காணொளிக் கலைக்காட்சியை இரண்டு முறை சென்று பார்த்தேன். முதல்முறை மாலை நான்கு மணிக்குக் கதவு திறந்ததும் நுழைந்து, ஒரு மணி நேரத்தில் ஏமாற்றத்தோடு வெளியே வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடியும் போய், எட்டரை மணிக்குக் காட்சி முடியும்வரை இருந்தேன். இரண்டாம் முறை பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிச்சம் இருக்கும்போதே வந்து திரும்பிவிடுகிறார்கள் என்பதால், முதல்நாள் என்னைத் திருப்பி அனுப்பிய குறைகளையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நவீன நாடகத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு தம்பதியின் குடும்ப வாழ்க்கையை அவர்களுடைய மகள் ஆறு காணொளிப் படைப்புகளாக்கி, வீட்டின் ஆறு இடங்களில் ஓடவிட்டிருக்கிறார். பெற்றோரின் பெயரையும் தம் பெயரையும் அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. வாசலில் கொடுக்கும் தாளிலும் அப்பா, அம்மா என்றே இருக்கிறது. அந்த விருப்பத்தை மதித்து நானும் பெயர் குறிப்பிடாமலே எழுதுகிறேன். தாய் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய உறவினர் சிலருக்கும் பங்கு உள்ள வீடு என்பதால் இந்த இடம் கிடைத்திருக்கிறது. மற்ற பங்காளிகளின் அறைகள் இரண்டு பூட்டியே கிடக்கின்றன.

தமிழில் நவீன நாடகத்தின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. 1977இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கியதும், மறு ஆண்டு ஞாநி பரீக்ஷா குழுவையும் மதுரையில் மு. ராமசாமி நிஜ நாடக இயக்கத்தையும் தொடங்கியதும், செ. ராமானுஜம் காந்திகிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறையும் நாடக ஆர்வலர் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். எந்த நாடகத்தை எந்த மைதானத்தில் யார் இயக்கினார்கள், யார் நடித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒத்திகை முடிந்து இரவு பதினொரு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தபோது உலை வைத்தது யார், சம்பளம் இல்லாத அந்த மாதங்களில் வாடகை எங்கிருந்து வந்தது, ஊர் ஊராகப் போன நாட்களில் பிள்ளையை யார் வீட்டில் விட்டார்கள் என்பவற்றை, நான் படித்த கட்டுரைகளில் அரைவரிகூடக் கண்டதில்லை. அந்த அரைவரியைத்தான் இந்தக் காட்சி ஒரு வீட்டின் அளவுக்கு விரித்துக் காட்டுகிறது. இந்தக் காட்சிக்குள் ஏற்றத்தாழ்வு நிறைய உண்டு என்றாலும், அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பொருட்படுத்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காணொளிக் கலை என்றால் குறும்படம் என்று எண்ணி வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். இதற்குத் தொடக்கமும் முடிவும் பார்வையாளருக்கென்று குறித்து வைக்கப்படுவதில்லை. படம் திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டிருக்கும், நாம்தான் நடந்துபோய் நடுவில் சேர்ந்துகொள்ள வேண்டும். 1967இல் சோனி நிறுவனம் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய போர்ட்டபேக் பதிவுக் கருவியைக் கொண்டுவந்த பிறகு, படப்பிடிப்புக் குழுவோ ஸ்டூடியோவோ இல்லாமல் ஓர் ஆள் தன் வீட்டுக்குள்ளேயே படம் பிடிக்க முடியும் என்ற நிலை வந்தது. இந்தக் கலை வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த வகையில் வீடு இந்தக் கலைக்குப் புதிய இடமே இல்லை. ஆனால் இங்கே, கலைக்கூடத்தின் வெள்ளைச் சுவரில் ஓடியிருக்க வேண்டியதை முகப்பு, வளவு என்கிற நடு முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று அடுக்கடுக்காகப் பின்னுக்குப் போகும் செட்டிநாட்டு வீட்டில் வைத்ததால், நாம் உள்ளே நடக்க நடக்க அந்தக் குடும்பத்துக்குள்ளும் படிப்படியாகப் போகிறோம். விருந்தினரை உட்கார வைக்கும் முகப்பில் தொடங்கி, அடுப்புப் புகை படிந்த பின்கட்டில் முடிகிறது.

முகப்பில் பழைய பெட்டி டிவி ஒன்று தரையில் இருக்கிறது. 1990களில் தகப்பனார் எடுத்து வைத்திருந்த ஒத்திகைப் பதிவுகள் அதில் ஓடுகின்றன. விஎச்எஸ் நாடாக்களை நம் ஊர் ஈரத்தில் இத்தனை ஆண்டு வைத்திருந்தால் பூஞ்சை பிடிக்கும், படத்தில் குறுக்கே கோடுகள் ஓடும், நிறம் சிந்தும். மகள் அதையெல்லாம் கணினியில் துடைத்துச் சுத்தமாக்காமல் அப்படியே விட்டிருப்பது சரியான முடிவு. நான்கு பேர் மூங்கில் கழிகளோடு ஒரு வட்டத்தில் சுற்றிவருகிறார்கள். கூடத்தின் ஓரத்தில், படச்சட்டத்தில் பாதி வெட்டுப்பட்டபடி, ஒரு சிறுமி குப்புறப் படுத்து வாய்ப்பாடு எழுதுகிறாள். கழி தலைக்கு மேல் சுழன்று வரும்போது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையை மட்டும் தாழ்த்திக்கொள்கிறாள். அந்தத் தலைதாழ்த்தல் எத்தனை மாதப் பழக்கத்தில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

அடுத்துள்ள பட்டாலை என்ற கூடத்தில் எதிரெதிராக இரண்டு திரைகள். ஒன்றில் தகப்பனாரும் மற்றொன்றில் தாயும் தனித்தனியாக உட்கார்ந்து, ஒரே காலத்தை நினைவுகூர்கிறார்கள். நாம் நடுவில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து மாறி மாறித் திரும்பித்தான் பார்க்க முடியும். தகப்பனார் ஆண்டுகளை நாடகங்களைக் கொண்டு அடையாளம் சொல்கிறார்: அந்த நாடகத்தைப் பதினொரு ஊரில் போட்ட வருசம், போலீஸ் அனுமதி மறுத்த வருசம். தாயோ அதே ஆண்டுகளைச் சங்கிலி அடகுக்குப் போன வருசம், பிள்ளைக்கு அம்மை போட்ட வருசம், கூடத்து மின்விசிறியை விற்ற வருசம் என்று சொல்லிக்கொண்டு போகிறார். குறைசொல்லும் குரலே அதில் இல்லை. கணக்குப் பிள்ளை ஏட்டைப் பார்த்து வாசிப்பதுபோல நிதானமாக வருகிறது. இரண்டு கணக்கும் ஒரே ஓர் இடத்தில், ஒரு மழைநாள் நாடகத்தில், வந்து சேர்கின்றன. அந்த இடத்தில் மட்டும் இருவரும் சிரிக்கிறார்கள். ஒரு பக்கத்துச் சிரிப்பு முடிந்த சில நொடிகளில் மறுபக்கத்தில் சிரிப்பு எழும்படி படத்தொகுப்பைக் கோத்திருக்கும் நுட்பத்தைப் பாராட்ட வேண்டும்.

வளவில்தான் காட்சி தடுமாறுகிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள நான்கு சுவர்களிலும் மேடை நிகழ்வுகளைப் பெரிதாகத் திரையிட்டிருக்கிறார்கள். திறந்த முற்றம் என்பதால் ஆறரை மணிவரைக்கும் வானத்து வெளிச்சம் படத்தைக் கழுவிவிடுகிறது. புரொஜெக்டர் எவ்வளவு திறனுள்ளதாக இருந்தாலும் வெயிலோடு போட்டி போட முடியாது என்பது காட்சியை அமைத்தவர்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவர் கண்ணாடிபோலப் பளபளப்பதால், இருட்டிய பிறகும் விளக்கொளி ஒரு வட்டமாகத் திருப்பி அடிக்கிறது. நான்கு சுவர்களின் ஒலியும் ஒன்றோடொன்று மோதி, உயர்ந்த கூரையில் எதிரொலித்து, பறையும் வசனமும் கலந்த இரைச்சலாகி, பட்டாலையில் மெல்லப் பேசும் தாயின் குரலையும் விழுங்குகிறது. மேடைக் காட்சிகளில் புதிதாகச் சொல்லப்படுவதும் அதிகம் இல்லை. நாடகத்தின் பெருமையையும் காட்டாவிட்டால் பெற்றோருக்குக் குறைவாகிவிடுமோ என்ற கவலை மகளுக்கு இருந்திருக்கும்; அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வளவில் ஒரு சுவர் போதும், மற்ற மூன்றையும் அணைத்துவிடலாம்.

வளவை ஒட்டிய பூட்டிய அறை ஒன்றின் தேக்குக் கதவையே அடுத்த திரையாக்கியிருக்கிறார். குழு வெளியூர் கிளம்பும் நாளின் காட்சி அது: பாய்களைச் சுருட்டுகிறார்கள், முகமூடிகளைப் பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்குகிறார்கள், கடைசியில் வீட்டைப் பூட்டுகிறார்கள். படத்தில் அவர்கள் பூட்டும்போது, கதவில் உண்மையாகவே தொங்கும் பங்காளியின் பித்தளைப் பூட்டு, அந்தக் கைகளின்மேல் பொருந்திப் பளிச்சிடுகிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் வீடுகள் இவை. ஆண்டுக்கு ஒருமுறையோ கல்யாணம் காட்சிக்கோ மட்டும் திறக்கப்படும் அறைகளோடு வாழப் பழகியவர்கள் அவர்கள். நாடகக்காரரின் வீடும் அப்படிப் பூட்டிக் கிடந்த வீடுதான் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் இந்தப் படைப்பு சொல்லிவிடுகிறது.

உள் அறையில் இருப்பது ஒருவர் மட்டும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய சிறு திரை. உடுப்புப் பெட்டியின்மேல் தூங்கும் கைக்குழந்தையின் படங்கள் நகர்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நீளம் அதிகம். ஒரே ஒரு ஹெட்ஃபோனே வைத்திருப்பதால் விடுமுறை நாட்களில் வரிசை நின்றுவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் கடந்துதான் அடுப்படிக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் படைப்பைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதலாம்.

அது 38 நிமிடம் நீளும் ஒரே காட்சி. நடுவில் வெட்டு இல்லை, பின்னணி இசையும் இல்லை. தாயின் முழங்கைக்குக் கீழே உள்ள கைகளும், ஒரு பித்தளைப் பாத்திரமும், ஓர் உழக்கும்தான் தெரிகின்றன. மறுநாள் காலை குழுவுக்கு வெள்ளைப் பணியாரம் போடுவதற்காக அரிசி ஊறப்போடுகிறார். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதே உழக்கின்மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவித்து, சரியத் தொடங்கும்போது நிறுத்திப் பாத்திரத்தில் கொட்டுகிறார். இங்கே எல்லா வீடுகளிலும் உள்ள அளவு அது. அளந்துகொண்டே, மகனைப் பறிகொடுத்த ஒரு கிழவியின் நீண்ட தனிமொழியை ஒப்பிக்கிறார். குரலை உயர்த்தவில்லை, பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிறது என்பது அந்தத் தாழ்ந்த குரலிலிருந்தே தெரிகிறது. வசனத்தில் இடைவெளி வரும் இடங்களில் கை அந்தரத்தில் நிற்கிறது. விரலிடுக்கிலிருந்து உளுந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து உழக்கின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. எத்தனையோ நாடகங்களில் மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். இத்தனை கனமான மௌனத்தை மேடையில் பார்த்த நினைவில்லை.

நான் இருந்த நேரத்தில் உள்ளூர் ஆச்சிமார் இருவர் வந்து, அம்மிக்குப் பக்கத்தில் இருந்த திட்டில் உட்கார்ந்துகொண்டு, கண் எடுக்காமல் பார்த்தார்கள். நான்காவது உழக்கு வந்தபோது மூத்தவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு தரம் போட்டுட்டாளே. உளுந்து கூடிப்போச்சுடி, பணியாரம் எண்ணெய் குடிக்கும்."

அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்திருந்த மகள் அதைக் கேட்டுச் சொன்னார்: "அந்த எடத்துல வசனம் விட்டுப்போச்சு ஆச்சி. திருப்பிச் சொல்லும்போது கையும் திருப்பிப் போட்டுருச்சு. அம்மா இப்பவும் அந்த எடத்துல தடுமாறுவாங்க."

"வசனம் விட்டுப்போனாத் திருப்பிச் சொல்லிக்கலாம் ஆத்தா, மாவை என்ன செய்யிறது?" என்றார் ஆச்சி, உண்மையான வருத்தத்தோடு.

அதற்குப் பிறகு நான் அந்தக் காட்சியை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன். அந்த ஆச்சி கண்டுபிடித்த நான்காவது உழக்கை நான் முதல் சுற்றில் கவனிக்கவே இல்லை. வசனம் தடுமாறியதை மட்டும் கவனித்திருந்தேன். அவரோ வசனத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்த்திருக்கிறார். சமையலும் நடிப்பும் ஒரே உடம்பில் ஒன்றையொன்று தாங்கியும் கெடுத்தும் நடக்கின்றன என்பதை முழுமையாகப் பார்க்க எங்கள் இருவருடைய கண்ணும் தேவைப்பட்டிருக்கின்றன. சென்னையின் குளிரூட்டிய கலைக்கூடத்தில் இந்தப் படம் ஓடியிருந்தால் உழக்கும் உளுந்தும் வெறும் அழகுப் பொருளாகவே தெரிந்திருக்கும். கணக்குத் தப்பியதைச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வாசலில் கொடுக்கும் அறிமுகத் தாளைப் பற்றி இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். உடலின் அரசியல், வெளியின் மறுகட்டமைப்பு என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்கு நீளும் அந்தத் தாளைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள், எதையோ புரிந்துகொள்ளத் தவறிவிட்டோம் என்ற பதற்றத்தோடுதான் வருகிறார்கள். படைப்பு இத்தனை எளிமையாகப் பேசும்போது அதன் வாசலில் இத்தனை கடினமான மொழி ஏன் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அடுத்த முறையாவது, எந்தப் படைப்பு எத்தனை நிமிடம், எங்கே உட்காரலாம், எந்த ஆண்டுப் பதிவு என்ற விவரங்களை மட்டும் கொடுத்தால் போதும்.

வீட்டையும் மேடையையும் பிரிக்காமல் வாழ்ந்த நாடகக்காரர்கள் உலகில் வேறு இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். ஹங்கேரியில் 1970களின் தொடக்கத்தில் பொது மேடை மறுக்கப்பட்ட ஒரு குழு, புடாபெஸ்டில் ஓர் அடுக்ககக் குடியிருப்புக்குள்ளேயே நாடகம் நடத்தியது. பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, 1977இல் நியூயார்க்கின் 23ஆம் தெருவில் ஸ்குவாட் தியேட்டர் என்ற பெயரில் ஒரு கடையின் முன்பகுதியை அரங்காக்கி, அதே கட்டடத்தின் மாடியில் பிள்ளைகளோடு குடியிருந்தது. அவர்களுடைய கதையில் வீடு மேடையானது. நம் தம்பதியின் கதையில் வீடு மேடையாகவே இல்லை. மேடைக்குச் சோறு போட்ட இடமாகவே கடைசிவரை இருந்திருக்கிறது. ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் கியார்டன்சன் 2000ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நடிகையான தம் தாயோடு கேமராவுக்கு முன்னால் நின்று, அவர் தம்மீது உமிழ்வதைப் பதிவு செய்து வருகிறார். பிள்ளையும் தாயும் நேருக்கு நேர் நிற்கும் துணிச்சல் அதில் இருக்கிறது. இந்த மகளோ எந்தத் திரையிலும் இன்றைய வயதில் தோன்றுவதில்லை; சிறுமியாகவும் கைக்குழந்தையாகவும் மட்டும் வந்துபோகிறார்.

அந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் காட்சியோடு பெரிய வழக்கு இருக்கிறது. ஆறு படைப்புகளில் ஒன்றில்கூடத் தகப்பனார் ஒரு பாத்திரத்தைத் தூக்கவோ பிள்ளையைக் குளிப்பாட்டவோ இல்லை. பழைய பதிவுகளை எடுத்தவர் அவர்தான் என்பதால் அவற்றில் அவர் தெரியாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் மகள் புதிதாக எடுத்த பட்டாலைப் பேட்டியிலும் அந்தக் கேள்வி எழவே இல்லை. அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதைவிட, கேட்கப்பட்டதும் அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்பதைப் பார்க்க விரும்பினேன். காணொளியால் மட்டுமே அதைக் காட்டியிருக்க முடியும். சமத்துவத்தைப் பற்றி ஊர் ஊராக நாடகம் போட்ட மனிதரிடம் அவருடைய வீட்டைப் பற்றிக் கேட்பது அவமதிப்பு ஆகாது. அன்பினால் வந்த தயக்கம் என்று எடுத்துக்கொண்டாலும், அடுப்படிக் காட்சியில் அத்தனை துணிவாக 38 நிமிடத்தையும் வெட்டாமல் விட்ட கலைஞர் இங்கே பின்வாங்கியிருப்பது தெரிகிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. ஆறரை மணிக்கு மேல் போவது நல்லது. வாசலில் இருக்கும் பெண்மணி வீட்டைப் பார்த்துக்கொள்பவர். "செருப்பை இங்கினயே விட்டுட்டு, மொதல்ல நேரா பின்கட்டுக்குப் போங்கண்ணே, கூட்டம் சேர்ந்தா அங்க நிக்க முடியாது" என்று என்னிடம் சொன்னார். தாளைவிட அது நல்ல வழிகாட்டல். அப்படிப் பின்னாலிருந்து தொடங்கி முகப்பில் வந்து முடித்தால் வளவின் இரைச்சல் அவ்வளவு உறுத்தாது. கட்டுக்குக் கட்டு உயரமான நிலைப்படிகள் உள்ளதால், முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஓர் ஆளோடு போவது நல்லது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முகப்பைத் தாண்ட வழி செய்யப்படவில்லை, இது உடனே சரிசெய்யப்பட வேண்டிய குறை. திரைகளில் ஆங்கில வரிகள் ஓடுகின்றன, காது கேளாதவர்களுக்குத் தமிழ் வரிகள் இல்லை. அடுப்படியில் நாற்காலி கிடையாது; அம்மிக்குப் பக்கத்துத் திட்டில் மூன்று பேர் உட்காரலாம், மற்றவர்கள் தரையில் பாய் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.